அடிப்பலகையின் கடைசி ஒரு மீட்டர்

எட்டடி நீளமுள்ள ஒரு சிறு மரப் பந்தயப் படகை கிட்டாக வாங்கி, ஐந்து மாதங்களாகக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் உட்கார்ந்து கட்டி முடித்து, 6 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரைப் பொருத்தித் தண்ணீரில் இறக்கியபோது, அது மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. அந்த எடைக்கும் அந்த மோட்டாருக்கும் 27 கிலோமீட்டராவது வந்திருக்க வேண்டும். மோட்டாரில் பழுதில்லை, புரொப்பெல்லரிலும் இல்லை. அடிப்பலகையில், பின்முனைக்குச் சற்று முன்னால், நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அது எப்படி விழுந்தது என்பது புரிய வேண்டுமானால், படகு உருவான வரிசையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கிட்டில் வந்தவை: கணினி வழிகாட்டும் எந்திரத்தால் அறுக்கப்பட்ட மரைன் ப்ளைவுட் துண்டுகள், செம்புக் கம்பிச் சுருள், எபாக்ஸி ரெசின் என்ற பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும், ஃபைபர் கிளாஸ் துணி, சலித்த மரத்தூள், ஒரு கையேடு. அடிக்கும் பக்கங்களுக்கும் 6 மில்லிமீட்டர், மேல்தளத்துக்கு 4 மில்லிமீட்டர் ஒக்கூமே ப்ளைவுட். இலேசான மரம், வெட்டினால் சிராய் அதிகம் எழாது, எபாக்ஸியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். படகுக்கான ப்ளைவுட் பி.எஸ். 1088 என்ற தரத்துக்கு உட்பட்டதா என்று பார்த்து வாங்கச் சொல்வார்கள். அந்தத் தரத்தில் அடுக்குகளை ஒட்டும் பசை கொதிநீரிலும் விடாததாக இருக்க வேண்டும், நடு அடுக்குகளில் பொந்துகள் இருக்கக் கூடாது. ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடி என்ற அளவில் வருவதால் என் படகின் அடிப்பலகைக்கு இணைப்பே தேவைப்படவில்லை. நீளமான படகுகளில் இரண்டு பலகைகளைச் சரிவாகச் சீவி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டியிருக்கும். பலகையின் தடிமனைப் போல எட்டு மடங்கு நீளத்துக்கு அந்தச் சரிவு போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

இந்த அளவில் மரப் பந்தயப் படகு என்பது புதிய யோசனையன்று. சார்லஸ் மெக்ரிகர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1939இல் வரைந்த ஸ்குவா என்ற சிறு படகை அடியொற்றிய எட்டடிப் படகுகள் இன்றும் பந்தயத்தில் ஓடுகின்றன. பலகைகளைக் கம்பியால் தைத்து, தையலின் மேல் பிசின் பூசி இணைக்கும் முறையை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு, பாரி பக்னெல்லும் ஜாக் ஹோல்ட்டும் 1962இல் உருவாக்கிய மிரர் என்ற பாய்மரப் படகுக்கு உண்டு. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டன. அவற்றில் பலவற்றைக் கட்டியவர்கள் அதற்குமுன் படகே கட்டியிராதவர்கள்.

தைக்கும் கட்டம் மனத்துக்கு மிகவும் நிறைவானது. பலகைகளின் விளிம்பில் ஒரு சாண் இடைவெளியில் சிறு துளைகள் இருக்கும். எதிரெதிர்த் துளைகளில் செம்புக் கம்பியைக் கோத்து, வெளிப்பக்கம் முறுக்கி இறுக்க வேண்டும். தரையில் தட்டையாகக் கிடந்த துண்டுகள் ஒரே பிற்பகலில் நிமிர்ந்து, வளைந்து, அணியம் என்ற முன்முனையும் கடையால் என்ற பின்முனையுமாகப் படகின் முகத்தைக் காட்டிவிடுகின்றன. இந்த நிலையில் படகு இன்னும் தளர்வாகத்தான் இருக்கும். ஒரு மூலையைப் பிடித்து அழுத்தினால் எதிர்மூலை எழும். ஆகவே பிசின் வைப்பதற்குமுன் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னால் ஒரு நேரான கம்பு, பின்னால் ஒரு நேரான கம்பு எனக் குறுக்கே வைத்து, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். என் படகில் ஏழு மில்லிமீட்டர் சாய்வு இருந்தது. கம்பிகளைத் தளர்த்தி, பின்பலகைக்கு அடியில் ஆப்பு வைத்து, மறுபடி இறுக்கி, அரை நாள் செலவழித்து அதை முற்றிலும் நீக்கினேன். அந்த அரை நாளை நினைத்து இப்போதும் பெருமைப்படுகிறேன். ஆனால் முறுக்கைப் பார்ப்பது அகலவாக்கில் பார்ப்பது; நீளவாக்கில் நான் பார்க்கவில்லை.

மேலும் ஒன்று செய்தேன். படகு இரண்டு மரக்குதிரைகளின், அதாவது மரத் தாங்கிகளின், மேல் நிமிர்ந்து இருந்தது. உள்ளே குனிந்து வேலை செய்யும்போது பின்பக்கம் இலேசாக ஆடியது. ஆட்டத்தை நிறுத்த, பின்குதிரைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு சிறு மரக்கட்டையை இறுக்கமாகச் செருகினேன். ஆட்டம் நின்றது, கட்டையை மறந்துவிட்டேன்.

அடுத்து மூலைகளுக்குப் பிசின் வைக்க வேண்டும். எபாக்ஸியைப் பற்றி எனக்குப் பட்டதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்கள், சீக்கிரம் இறுக வேண்டும் என்றால் இரண்டு சொட்டுக் கூடுதலாக விடலாம் என்று நினைப்பார்கள். அங்கே விடுவது வினையைத் தொடங்கிவைக்கும் பொருள். அதன் அளவில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. எபாக்ஸியின் ஹார்டனர் அப்படியன்று. ரெசின் மூலக்கூறுகளோடு தானே கைகோத்து இறுகும் பங்காளி அது. என்னுடையது இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர், அதுவும் கொள்ளளவின்படி. கூடினாலும் குறைந்தாலும் இணை கிடைக்காத மூலக்கூறுகள் உள்ளே மிஞ்சி, எத்தனை நாள் போனாலும் பிசுபிசுப்பு நீங்காது. வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்டனரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது வெப்பமான நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இறுகும்போது எபாக்ஸி தானே சூட்டை வெளியிடுகிறது. அந்தச் சூடு இறுகுதலை மேலும் விரைவுபடுத்துகிறது. குறுகலான கப்பில் நிறையக் கலந்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. ஒருநாள் மூலைக்குப் பட்டி பிடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற என் மகள், "அப்பா, கப்பு சுடுது, பாருங்க" என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள் கப்பின் விளிம்பிலிருந்து வெண்புகை எழுந்தது. பிளாஸ்டிக் ஒருபக்கமாகக் குழைந்து சாய்ந்தது. வெளியே கொண்டுபோய் வெறுந்தரையில் வைத்துவிட்டு வந்தோம். அன்றுமுதல் கலந்தவுடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவது பழக்கமாயிற்று; ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலப்பதில்லை. கையுறை இல்லாமல் தொடுவதுமில்லை. எபாக்ஸி தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்துவிட்டால் போவதில்லை, பிறகு இந்த வேலையையே விட வேண்டியிருக்கும்.

மூலைக்கு வைக்கும் கலவையில் மரத்தூளும் சிலிக்காப் பொடியும் சேர வேண்டும். கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதம் வந்ததும் பலகைகள் சந்திக்கும் மூலையில் இட்டு, வட்டமுனைத் தகடு ஒன்றால் இழுத்தால் விரலளவு ஆரத்தில் வழவழப்பான வளைவு கிடைக்கும். இழுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதன் மேல் ஃபைபர் கிளாஸ் பட்டையை ஒட்டிவிட்டால், பிறகு தேய்க்க வேண்டிய வேலை பாதியாகக் குறையும். ஈரம் காயாத மரத்தூள் கலவையில் வெள்ளைப் பட்டை படிந்து, பிரஷ் பட்ட இடத்தில் மட்டும் கண்ணாடியாக மாறித் தெளிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அன்றிரவு எல்லா மூலைகளும் இறுகின. அடிப்பலகையும் அந்த இரவு எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்திலேயே இறுகியது, கட்டையின் அழுத்தத்தோடு சேர்த்து.

மறுவாரம் படகைக் கவிழ்த்துக் கம்பிகளை வெட்டி எடுத்து, விளிம்புகளை உருட்டி, முழு அடிப்பாகத்துக்கும் துணி போர்த்தினேன். விளிம்பை ஏன் உருட்ட வேண்டும் என்றால், கண்ணாடித் துணி கூர்முனையில் மடங்காமல் தூக்கிக்கொள்ளும். அடியில் காற்று தங்கிவிடும். ஆனால் பந்தயப் படகுக்குப் பின்பாதியில் விளிம்பு கூர்மையாக இருந்தே ஆக வேண்டும். வேகமாக ஓடும் நீர் உருண்ட விளிம்பைத் தழுவிக்கொண்டு பக்கப் பலகையில் ஏறும், பின்பலகையிலும் ஏறி ஒட்டும். கூரான விளிம்பில் அது அறுந்து விலகிவிடும். எனவே உருட்டித் துணி போர்த்தி முடித்த பிறகு, விளிம்பையொட்டிப் பட்டை நாடாவால் சிறு வரப்புக் கட்டி, கெட்டியான எபாக்ஸியை நிரப்பி, இறுகிய பின் தேய்த்துக் கூராக்க வேண்டும். கூராக இருந்ததை மழுக்கி, மழுக்கியதை மீண்டும் கூராக்கும் இந்த வேலை கையேட்டில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

பூச்சு வேலைக்கு இரண்டு செய்திகள் உதவின. வெப்பம் ஏறும் காலை நேரத்தில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளிவரும்; மாலையில், வெப்பம் இறங்கும்போது பூசினால் மரம் பிசினை உள்ளிழுத்துக்கொள்ளும். இறுகிய எபாக்ஸியின் மேல் சில சமயம் மெழுகு போன்ற படலம் படியும். அதை உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே பரவிவிடும், வெறும் தண்ணீரும் நாரும் போட்டு முதலில் கழுவிவிட வேண்டும். மேல்தளம், திசைச் சக்கரம், கயிறும் கப்பியும், முன்னும் பின்னும் காற்று அறைகள் ஆகியவை எல்லாம் சொல்லும்படியான சிக்கலின்றி முடிந்தன. கரும்பச்சையில் மூன்று பூச்சு அடித்தேன். அடிப்பாகம் கண்ணாடி போல மின்னியது. அந்த மினுக்கம் எல்லாவற்றையும் மறைத்தது.

முதல் ஓட்டத்தில் படகு மிக எளிதாக எழுந்து நீர்மேல் வழுக்கத் தொடங்கியது. அப்போது மகிழ்ச்சியாகவே இருந்தது. எட்டடி நீர்க்கோடு கொண்ட படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் வரையில் மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் தன் அலையிலேயே சிக்கிக்கொள்ளும். அதைத் தாண்ட வேண்டுமானால் நீரைப் பிளப்பதை விட்டு அதன்மேல் ஏறி வழுக்க வேண்டும். அப்படி வழுக்கும்போது படகின் எடையைத் தாங்குவது அடிப்பலகையின் கடைசி ஒரு மீட்டர் மட்டுமே. முன்பாதி காற்றில் இருக்க வேண்டும். என் படகின் முன்பாதி காற்றில் இல்லை. நான் எவ்வளவு பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாலும் அணியம் நீரை உழுதுகொண்டே வந்தது. திசைச் சக்கரத்தைச் சற்றே திருப்பினாலும் முன்முனை வெடுக்கென்று இழுத்தது.

கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மோட்டார் நிமிடத்துக்கு 4,600 சுற்று. கியர் இரண்டுக்கு ஒன்று, ஆக புரொப்பெல்லர் 2,300 சுற்று. அதன் பிட்ச் 8 அங்குலம், அதாவது நழுவலே இல்லாமல் திருகு போல முன்னேறினால் ஒரு சுற்றுக்கு 8 அங்குலம். மணிக்கு 28 கிலோமீட்டர் வர வேண்டும், வந்தது 22. நழுவல் நூற்றுக்கு இருபதைத் தாண்டியது, மோட்டாரும் தன் முழுச் சுற்றை எட்டவில்லை. ஏதோ ஒன்று படகைப் பிடித்து இழுக்கிறது. மோட்டாரின் சாய்வை மாற்றினேன், உயரத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டினேன், எரிபொருள் தொட்டியை இடம் மாற்றினேன். எதிலும் அணியம் எழவில்லை.

அடுத்த வீட்டில் இருக்கும் தச்சர் பெரியவர் அன்று மாலை வந்து, கவிழ்த்து வைத்திருந்த படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு, "தம்பி, நீளவாக்குல மட்டப்பலகை வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். வைக்கவில்லை என்றேன். அவரே போய்த் தன் ஒன்றரை மீட்டர் அலுமினிய மட்டப்பலகையை எடுத்துவந்து, கடையாலிலிருந்து அணியத்தை நோக்கி நடுக்கோட்டில் வைத்தார். பின்பக்கத்திலிருந்து கைவிளக்கைப் பிடித்தபோது மட்டப்பலகைக்கு அடியில் மெல்லிய பிறை போல வெளிச்சம் வழிந்தது. பின்பலகையிலிருந்து 45 சென்டிமீட்டரில் அது மிகவும் அகலமாக இருந்தது. அந்த இடத்தைப் பார்த்தவுடன் எனக்குக் கட்டை நினைவுக்கு வந்தது.

பள்ளம் ஏன் இவ்வளவு கெடுதி செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பின்முனைக்குச் சற்று முன்னால் குழிந்து, பின்முனையில் மீண்டும் கீழிறங்கும் அடிப்பலகை, வெளியேறும் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அதன் எதிர்வினை கடையாலைத் தூக்குகிறது; கடையால் எழுந்தால் அணியம் அமிழும், நனையும் பரப்பு கூடும், உராய்வு கூடும். படகு எளிதாக எழுந்து வழுக்கத் தொடங்கியதற்கும் இதே பள்ளம்தான் காரணம். இதற்கு நேர்மாறாகப் பின்பகுதி வெளிப்புறமாகப் புடைத்திருந்தால் அணியம் அளவுமீறி எழுந்து, குதிக்கும் மீனைப் போலப் படகு மேலும் கீழுமாகத் துள்ளும். இரண்டுக்கும் நடுவில் நேர்கோடு ஒன்றே வழி.

அறுத்த துண்டுகளின் வடிவத்தில் குறையேயில்லை. கிட் தர வேண்டியதைத் தந்திருந்தது. ஆனால் எந்த கிட்டும் அடிப்பலகையின் நேர்மையைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. அது பிசின் இறுகும் இரவில் பலகை எதன்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. முறுக்குக்கு அரை நாள் கொடுத்த நான் இதற்கு ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் போதும்.

சரிசெய்ய மூன்று வாரங்கள் பிடித்தன. பெயின்ட்டைத் துணியில் படாமல் தேய்த்து எடுத்தேன். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் பள்ளத்தின் ஆழத்தை அளந்து பென்சிலால் எழுதினேன்: 1, 2, 3, 4, 4, 3, 1. நடுவில் ஆழமாகவும் பக்க விளிம்புகளில் ஒன்றுமில்லாமலும் ஒரு தட்டைக் கிண்ணம் போல இருந்தது. எபாக்ஸியில் நுண்குமிழிப் பொடியைக் கலந்து நிரப்பி, இரண்டு பக்கமும் மெல்லிய சட்டங்களை வழிகாட்டியாக வைத்து, மட்டப்பலகையாலேயே நீளவாக்கில் இழுத்தேன். ஏறத்தாழ முக்கால் கிலோ எடை கூடியது, பரவாயில்லை.

பிறகு தேய்ப்பு. சிறு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் கட்டை பள்ளத்துக்குள் இறங்கி அதையும் சேர்த்து மெருகேற்றும். முக்கால் மீட்டர் நீளமுள்ள வளையாத பலகையில் உப்புத்தாளை ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்குச் சாய்வாகத் தேய்த்தால்தான் மேடு மட்டும் கரையும். தேய்ப்பதற்குமுன் கறுப்பு ஸ்பிரேயை மெல்லிய பனி போல அடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடத் தேய்ப்பில் மேடுகள் வெளுத்துவிடும். கறுப்பு மிஞ்சிய இடம் பள்ளம். நிரப்பு, காயவிடு, அடி, தேய். நான்காவது சுற்றில் கறுப்பு எங்கும் சீராகச் சாம்பலாகி ஒரே நேரத்தில் மறைந்தது. கண்ணை மூடி உள்ளங்கையை நீளவாக்கில் நகர்த்தினேன். எந்த இடத்திலும் கை தயங்கவில்லை. அதன் மேல் மெல்லிய துணி ஒன்று, எபாக்ஸி மூன்று பூச்சு, பிறகு அதே கரும்பச்சை. உட்பக்கத்தில், ஓடும்போது நீரழுத்தத்தால் பலகை உள்வாங்காமலிருக்க நடுக்கோட்டின் இருபுறமும் நீளச் சட்டம் இரண்டை ஒட்டினேன். கடையாலின் கீழ்விளிம்பை மறுபடியும் கூராக்கினேன்.

இரண்டாம் ஓட்டம் ஒரு காலை நேரத்தில், காற்றில்லாத தண்ணீரில். கில் சுவிட்ச் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். நான் தூக்கி எறியப்பட்டால் மோட்டார் அந்தக் கணமே அணைய வேண்டும், அதற்காகத்தான் அது. மோட்டாரை முடுக்கியதும் படகு முன்பைவிடச் சற்று மெதுவாகவே எழுந்தது. எழுந்த பிறகு அணியம் நீரை விட்டது. பக்கவாட்டில் தெறிக்கும் நீர் என் முழங்காலுக்கு நேராக இருந்தது, முன்பு போல முகத்துக்கு நேராக இல்லை. அடியில் ஒரே சீரான சலசலப்பு. 5,200 சுற்று, மணிக்கு 27 கிலோமீட்டர். நழுவல் நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவு. வளைவில் திசைச் சக்கரம் கைக்கு அடங்கி வந்தது. கரைக்கு வந்ததும் மகள் அடுத்ததாகத் தான் ஓட்ட வேண்டும் என்று உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

மரக்குதிரைகளின் மேல்பக்கத்தை இப்போது படகின் அடிக்கு ஏற்ற வடிவத்தில் அறுத்து, தடித்த கம்பளி ஒட்டி வைத்திருக்கிறேன். எடை முழுவதும் பக்க விளிம்புகளில் இறங்கும், நடுப்பலகையை எதுவும் தொடாது. என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு இதே அளவு கிட் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. குதிரைகள் இரண்டையும் அவர் எடுத்துப்போயிருக்கிறார். மட்டப்பலகையைப் பெரியவரிடம் கேட்டு வாங்கி நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.